பதினொன்று இருபதுக்குக் கை வைத்தல்

கஸ்பார் நினைவு விழா அழைப்பிதழில் எல்லாம் நேரப்படி போட்டிருந்தது. 10.30 இறைவணக்கம். 10.35 குத்துவிளக்கு ஏற்றுதல். 10.45 'அச்சமறியா அறிவியலாளர் கஸ்பார்: வாழ்வும் வழியும்', சிறப்புரை, புலவர் தவசிமுத்து. 11.20 'தந்தை வழியில் தனயன்', இயந்திரத்தில் கை வைத்தல், திரு. கே. பிராங்கிளின். 11.35 தேநீர்.

கடைசி இரண்டு வரிகளைப் பதினைந்து நாளாகப் படித்துக்கொண்டிருந்தான் பிராங்கிளின். தேநீரை எந்தக் கையால் வாங்கிக்கொள்வது என்று மட்டும் அதில் போடவில்லை.

ராயபுரத்தில் தேவாலயத்துக்குப் பின்தெருவில் அவன் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கீபோர்டு வாசிப்பான். கல்யாண வரவேற்புகளிலும் வாசிப்பான். மற்ற நாட்களில் ஒன்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். நாற்பத்தாறு வயதில் அவன் சொத்து என்று சொல்லிக்கொள்ள இருந்தவை பத்து விரல்கள். அந்தப் பத்தில் ஐந்தைத்தான் அழைப்பிதழில் அச்சடித்து முந்நூறு பேருக்கு அனுப்பியிருந்தார்கள்.

"இடது கைய வச்சுடேன்," என்றாள் அவன் மனைவி மெர்லின், இட்லித் தட்டை அவன் முன்னால் நகர்த்தி.

"இடது கைலதான் கீபோர்டுல கார்டு புடிக்கிறேன்."

"வலது கைல?"

"மெலடி."

"அப்ப கால வையி. மிஷினுக்கு இன்னா தெரியப்போவுது?"

சிரிக்கத்தான் சொன்னாள். இருவருமே சிரிக்கவில்லை. மாதாவின் படத்துக்கு முன்னால் விடியற்காலையிலேயே இரண்டு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தன. வழக்கமாக ஒன்றுதான்.

"என்னால முடியாதுன்னு சொல்லிட்டா இன்னாவாம்? கொன்னுடுவாங்களா?"

அதைத்தான் அவனும் பதினைந்து நாளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தான். கொல்ல மாட்டார்கள். ஆனால் முடியாது என்று சொன்னால், அப்பா செய்த மிஷினை மகனே நம்பவில்லை என்று ஆகிவிடும். சரி என்று சொன்னாலோ, மிஷினை நம்ப வேண்டும். இதற்கு நடுவில் ஒரு பதிலைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவன் கெட்டிக்காரன் இல்லை. அதனால் கம்பெனியிலிருந்து தொலைபேசியில் கேட்டபோது "பார்க்கலாம் சார்" என்றிருந்தான். மறுவாரமே அழைப்பிதழ் வந்துவிட்டது.

அப்பாவின் மிஷின் என்பது உண்மையில் ஒரு கண். திருவொற்றியூரில் பெயிண்டு டப்பாவுக்கு மூடி அடிக்கும் பட்டறை ஒன்றில் கஸ்பார் எலெக்ட்ரீஷியன். மூடி அடிப்பது எளிய வேலை. தகட்டை அச்சின் மேல் கையால் வைத்து, கையை எடுத்து, காலால் பெடலை மிதித்தால், நாற்பது டன் அழுத்தத்தோடு பிரஸ் இறங்கி வட்டமாக வெட்டிவிட்டு ஏறும். கையை எடுப்பதும் காலை மிதிப்பதும் வரிசை மாறாமல் நடக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை. 1986இல் மண்ணாங்கட்டி என்ற தொழிலாளிக்கு ஒரு தடவை வரிசை மாறிவிட்டது. நான்கு விரல்கள்.

அதற்குப் பிறகுதான் கஸ்பார் அந்தக் கண்ணைச் செய்தார். காலி ஃபிலிம் டப்பா ஒன்றில் டார்ச் பல்பு, அதன் பக்கத்தில் வெளிச்சத்தை உணரும் சின்னச் சில்லு. அதைப் பிரஸ்ஸின் ஒரு தூணில் பொருத்தினார். எதிர்த் தூணில் தன் சைக்கிளின் மட்கார்டிலிருந்து கழற்றிய சிவப்புக் கண்ணாடி. பல்பின் வெளிச்சம் போய், சிவப்புக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தால் வழி காலி என்று அர்த்தம், பிரஸ் இறங்கலாம். நடுவில் கை இருந்தால் வெளிச்சம் திரும்பாது. பெடலை எத்தனை மிதித்தாலும் பிரஸ் அசையாது.

அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. பிற்பாடு முதலாளி வீட்டார் இதை வைத்து 'விழிகாப்பு ஆட்டோமேஷன்ஸ்' என்று தனிக் கம்பெனியே ஆரம்பித்து, ஜெர்மனியிலிருந்து பாகம் தருவித்து, ஊரெல்லாம் விற்று, குளிர்சாதன அலுவலகம் கட்டினார்கள். கஸ்பாருக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் சிவப்புக் கண்ணாடி இருந்தது.

கண் செய்ததை விட, அதில் கை வைத்துக் காட்டியதுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வாங்க வருகிறவர்கள் முன்னால் தன் வலது கையை அச்சின் மேல் வைப்பார். இன்னொருவர் பெடலை மிதிப்பார். பிரஸ் அசையாது. கூட்டம் கைதட்டும். பிராங்கிளின் பதினோரு வயதில் பொருட்காட்சி ஒன்றில் அதைப் பார்த்திருக்கிறான். அப்பாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவால் சோற்றைப் பிசைய முடியவில்லை. கை தட்டிலேயே தடதடவென்று ஆடியது. அம்மா ஒன்றும் கேட்காமல் உருட்டி ஊட்டிவிட்டாள். அவனைப் பார்த்து, "இன்னா பாக்குற, படி போ," என்றாள்.

வாசலை விட்டு இறங்கும்போது மெர்லின் அவன் இரண்டு கையையும் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு விட்டாள். மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். அதுதான் அவனை நிஜமாகவே நடுங்க வைத்தது.

*

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ஒன்றின் பின்னால் ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டு நின்றன. அவற்றின் இடுக்கில் ஸ்கூட்டரை விட்டுப் போவதே தினமும் ஒரு சாவுப் பயம். இன்று அந்தப் பயம் கிட்டவே வரவில்லை. ஏதாவது ஒரு லாரி லேசாக இடித்து, உயிருக்கு ஒன்றும் இல்லாமல், காலில் ஒரு சின்ன முறிவோடு விட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தான். லாரிகள் எல்லாம் அன்று பார்த்து ஒழுங்காகப் போயின.

பட்டறைக் கொட்டகையின் வாசலில் இரண்டு வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே அந்த முதல் பிரஸ், பச்சை வண்ணம் புதிதாக அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு நின்றது. நெற்றியில் கஸ்பாரின் படம். படத்திலிருந்து இரு தூண்களின் மீதும் தங்கநிற ஜிகினாத் தோரணம் சரம் சரமாகத் தொங்கியது. பெரிய மின்விசிறி ஓடியதில் மிஷின் முழுக்க மினுமினுவென்று ஆடியது. கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு ஜோடனை செய்து அவன் பார்த்ததில்லை. அவன் வாசித்த கல்யாணங்கள் நானூறு இருக்கும்.

பெடலுக்குப் பக்கத்தில் முக்காலியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். புதிய சேலைக்கு மேல் கம்பெனிச் சட்டை.

"தம்பி, நீ கஸ்பார் அண்ணன் புள்ளதான?" என்றாள். "மூஞ்சி அப்டியே கீது. வேர்வகூட அதே மாரி ஊத்துது."

அவள் கன்னியம்மா. காத்திவாக்கத்துக்காரி. முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்து இறால் வரத்துக் குறைந்தபோது இங்கே வேலைக்கு வந்தவள், இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரே பிரஸ்ஸில் மூடி அடிக்கிறாள். பதினொன்று இருபதுக்குப் பெடலை மிதிக்கப் போகிறவளும் அவள்தான்.

"அக்கா, அப்பாவுக்கு வேர்க்குமா?"

"வேர்க்குமாவா? இங்க வந்தா சட்ட பிழியலாம். ஆளுங்க வர்ற வரைக்கும் பேஜாரா உலாத்திக்கினே இருப்பாரு. ஆளுங்க வந்துட்டா போதும், மூஞ்சிய கல்லு மாரி வச்சிக்குவாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு துணிப்பை எடுத்தாருவாரே, ஞாபகம் கீதா?"

இருந்தது. மஞ்சள் துணிப்பை.

"அதுல வாழத்தண்டு இருக்கும். ஆளுங்க வர்றதுக்கு முந்தி, கதவ சாத்திக்கினு, முதல்ல தண்ட வைப்பாரு. என்ன மிதிக்கச் சொல்லுவாரு. நின்னுச்சுன்னா இன்னோர் தபா. மூணு தபா நின்னாத்தான் கை. ஒரு நாள்கூட தண்டு இல்லாம கை வச்சது கெடையாது. 'கண்ண நம்பாத கன்னியம்மா, தண்ட நம்பு'ன்னுவாரு."

பிராங்கிளின் மிஷினைப் பார்த்தபடி நின்றான். சின்ன வயதில் அப்பா ஒரு மிஷின் விற்றால் வீட்டில் இரண்டு நாளைக்கு வாழைத்தண்டுப் பொரியல். அது குடும்பத்தின் வெற்றிப் பலகாரம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தான். அவன் தின்றது எல்லாம் அப்பாவின் கைக்குப் பதிலாக அச்சில் கிடந்தது.

"நீங்க இப்பவும் வைக்கிறீங்களா? தண்டு?"

"மூணு வருசமா இல்ல தம்பி. ஆடிட்டுக்கு வந்தவங்க பாத்துட்டாங்க." அவள் சுவரைக் காட்டினாள். கண்ணாடி போட்ட பலகை: 'உற்பத்தித் தளத்தில் காய்கறிகளுக்கு அனுமதி இல்லை.' எந்தச் சர்வதேசத் தரச்சான்றிதழிலும் வாழைத்தண்டுக்கு இடம் இல்லையாம். "அதுக்குப் பதிலா ஃபாரம் குடுத்துக்கீறாங்க. 'கண் சரிபார்க்கப்பட்டது, ஆம், இல்லை.' தெனம் ஷிப்டுக்கு முந்தி டிக் அடிக்கணும்."

"இன்னிக்கி அடிச்சீங்களா?"

"இந்த மாசம் முச்சூடும் ஒண்ணாந்தேதியே அடிச்சாச்சே."

பிராங்கிளின் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அக்கா, இப்ப ஒரு தபா பாத்துடலாமா? எதையாவது வச்சு?"

அவள் எழுந்திருக்கக்கூடப் பார்த்தாள். அதற்குள் "பிராங்கிளின் சார்! இங்கயா இருக்கீங்க!" என்று கணீரென்று ஒரு குரல். நிர்வாக இயக்குநர் திருமுருகன், பட்டு வேட்டியில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். முதல் முதலாளியின் மகன். வாழ்க்கையில் ஒருமுறையும் தகட்டைத் தொட்டிராத, வழுவழுவென்ற, பத்து விரலும் முழுசாக உள்ள கைகள்.

"மிஷினை இப்ப யாரும் தொடக் கூடாது. போட்டோவுக்காக ரெடி பண்ணி வெச்சிருக்கோம். கொரியாவிலேருந்து வாங்குறவங்க மூணு பேர் வந்திருக்காங்க, தெரியுமில்ல? அப்பா எப்படி வெச்சாரோ அப்படி. ஒரு யோசனை, ஒரு தயக்கம் இருக்கக் கூடாது. டக்குனு!"

"ஒரு தடவ சோதனை பண்ணிட்டு..."

"சோதனையா?" திருமுருகன் வாய்விட்டுச் சிரித்தார். "அப்பா சோதனை பண்ணியா வெச்சாரு? விழா மலரில எழுதியிருக்கோமே, படிக்கலியா?"

மலரில் எழுதியிருந்தது. பதினேழாம் பக்கம். 'ஒத்திகையோ சோதனையோ இன்றித் தன் கரத்தையே பணயம் வைத்த தீரர்.'

*

மேடையில் அவனை நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். திருமுருகன் கையாலேயே பொன்னாடை போர்த்தினார். கனமான சிவப்புப் பட்டு, விளிம்பில் உள்ளங்கை அகலம் ஜரிகை. பிராங்கிளின் வலது கையைப் பொன்னாடைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டான். தொடை மேல் விரல்கள் தாமாகவே வாசித்துக்கொண்டிருந்தன. கவனித்தபோது, அது அடக்கப் பூசையில் வாசிக்கிற பாட்டு. நிறுத்தினான். விரல்கள் திரும்பவும் அதையே வாசித்தன.

புலவர் தவசிமுத்து மைக்கைத் தட்டி, ஊதி, அணைத்துக்கொண்டார்.

"அன்று மண்ணாங்கட்டி எனும் அந்த எளிய தோழரின் விரல்கள் வீழ்ந்தபோது, மனித குலத்தின் மீது கொண்ட கருணையினால் துடித்தெழுந்தது ஒரு உள்ளம்! அது யார் உள்ளம்?"

கூட்டம் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

அம்மா சொன்ன கணக்கு வேறு. மண்ணாங்கட்டியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போன சாயங்காலம், மறுநாள் முதல் ஷிப்டுக்கு அந்தப் பிரஸ்ஸில் கஸ்பாரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். வேறு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தவர் கதவைத் தாழ் போட்டு, சைக்கிளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து, குப்புறப் போட்டு, ஸ்பேனரை எடுத்தார். 'ஜுரம்னு சொல்லிடுங்களேன்' என்று அம்மா கெஞ்சினாள். 'நாளைக்கு ஜுரம், நாளன்னிக்கி?' என்றாராம். கருணை என்று அவர் சொன்னதாக அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. ஒண்ணுக்குப் போகக்கூட அன்று அவர் தனியாகப் போகவில்லை என்பது ஞாபகம் இருந்தது.

"அச்சம் என்ற சொல்லையே அறியாத அந்தச் சிங்கம்..."

மணி பதினொன்று பத்து. அப்பா ஒரு நாளும் கண்ணை நம்பவில்லை. செய்தவருக்குத் தெரியாதா அது எங்கே ஏமாறும் என்று? சிங்கத்தின் மகனாக உட்கார்ந்திருந்தபோதாவது ஒரு குருட்டு நம்பிக்கை இருந்தது. தண்டு இல்லாமல் கையே வைக்காத ஒருவரின் மகனாக இப்போது அதுவும் போய்விட்டது. எழுந்து ஓடிவிடலாம். ஓடினால் எந்தப் பக்கம்? வாசலில் முந்நூறு பேர். கைப்பேசிகள் எல்லாம் மேடையைப் பார்த்துத் தலைதூக்கி இருந்தன.

"... இதோ, சிங்கத்தின் குருளை!"

கைதட்டல். பதினொன்று இருபது. திருமுருகன் கம்பெனியில் ஒரு காரியம் சொன்ன நேரத்துக்கு நடந்தது அன்றுதானாம். பிற்பாடு கன்னியம்மா சொன்னாள்.

*

பிரஸ்ஸின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தரை வழியாக அதன் அதிர்வு செருப்பில் ஏறியது. எதிரே நாற்பது டன், பளபளவென்று துடைத்து, எண்ணெய் தடவி, மேலே காத்திருந்தது. கீழே அச்சு, பெயிண்டு டப்பா மூடியின் அளவில் ஒரு வட்டம். அவன் கை அதில் கச்சிதமாக அடங்கும்.

கன்னியம்மா பெடலுக்குப் பக்கத்தில் காலை எடுத்து வைத்தாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

"அக்கா," என்றான் உதடு அசையாமல். "கண்ணு வேல செய்யுதா?"

"ஃபாரத்துல டிக் கீது தம்பி."

"அதக் கேக்கல."

அவள் குனிந்து பெடலைப் பார்த்தாள்.

"நீங்க வைப்பீங்களா?"

"நான் தெனம் வச்சிக்கினுதான் கீறேன்," என்றாள். "ஆனா பெடலு என் கால்ல கீதே."

"ம், டக்குனு!" என்றார் திருமுருகன் புன்னகை மாறாமல், கேமராவைப் பார்த்தபடி.

பிராங்கிளின் கையை நீட்டினான். விரல்நுனி அச்சின் விளிம்பில் பட்டது. கல்லறைக் கல் மாதிரி ஒரு ஜில்லிப்பு. மணிக்கட்டு வரைக்கும் கை உள்ளே போயிற்று. அங்கே நின்றுவிட்டது. அவன் நிறுத்தவில்லை, கைதான் நின்றது. பிறகு அதுவாகவே பின்னால் வந்து மார்பில் ஒட்டிக்கொண்டது.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "டர்ராயிட்டாரு மாமு," என்றது ஒரு குரல். கொரியாக்காரர்களில் ஒருவர் கைப்பேசியைத் தாழ்த்தினார். திருமுருகனின் புன்னகை அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"சார். அப்பா பேரு," என்றார் பல்லுக்குள்.

அந்த 'அப்பா'வைக் கேட்டதும் பிராங்கிளினுக்குச் சிங்கம் தெரியவில்லை. தட்டில் தடதடத்த கை தெரிந்தது. மஞ்சள் துணிப்பை தெரிந்தது. தோளிலிருந்து பொன்னாடையை உருவினான். அதை நீளவாக்கில் மடித்து, இறுக்கிச் சுருட்டினான், ஒரு முழங்கை கனத்துக்கு, ஒரு தண்டு கனத்துக்கு.

"என்ன பண்றீங்க? அது நான் போர்த்தினது!"

அதை அச்சின் நடுவில் வைத்து, தன் கை வெளியே இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, ஒரு முனையை விரல்நுனியால் பிடித்தான்.

"மிதி அக்கா."

கன்னியம்மா மிதித்தாள்.

*தடார்.*

தரை குலுங்கியது. மேலே அப்பாவின் படம் ஒரு பக்கம் சாய்ந்தது. பிரஸ் ஒன்றும் நடக்காததுபோல் ஏறிப்போய்த் தன் இடத்தில் நின்றது. அச்சின் மேல் பொன்னாடை இருந்த இடத்தில், அடுக்கடுக்காக, விளிம்பு பிசிறாமல், பெயிண்டு டப்பா மூடி அளவில் பட்டுத் துண்டுகள் கிடந்தன. பிராங்கிளின் கையில் மிச்சம் இருந்தது நாலு விரற்கடை.

யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள், மிக மெதுவாக, தாமதமாக.

திருமுருகன்தான் முதலில் தேறினார். அதற்காகவே அவரை நிர்வாக இயக்குநர் ஆக்கியிருக்க வேண்டும். "ஜரிகை!" என்றார். மைக்கை வாங்கினார். "பெரியோர்களே, பதற வேண்டாம். ஜரிகை! பளபளப்பான பொருள்! அதில் பட்டு வெளிச்சம் திரும்பி வந்துவிட்டது. மனிதக் கையில் ஜரிகை இல்லை! சார் மட்டும் கையை வைத்திருந்தால் மிஷின் நின்றிருக்கும்!"

புலவர் முதலில் தட்டினார். நாலைந்து பேர் தொடர்ந்தார்கள். பிராங்கிளினுக்கு உடம்பு கூசியது. மிஷின் சரி, அவன்தான் தப்பு. அப்படித்தான் இது முடியப்போகிறது. மலரின் அடுத்த பதிப்பில் அவன் ஒரு வரியாக இருப்பான்.

"அப்ப நீங்க வைங்க சார்," என்றான்.

சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம். அவ்வளவு சின்னதாக இருந்தது. ஆனால் மைக் பக்கத்தில் இருந்துவிட்டது.

திருமுருகன் தன் கையைப் பார்த்தார். புலவரைப் பார்த்தார். புலவர் தட்டிக்கொண்டிருந்த கைகளை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முன்வரிசையில் பலரும் அதையே செய்தார்கள்.

கன்னியம்மா முக்காலியை விட்டு இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்குப் போனாள். இடது பக்க வாழைமரத்தைக் கயிற்றோடு பிய்த்தாள். காய்கறிக்கு அனுமதி இல்லை என்ற பலகையின் கீழாகவே அதை இழுத்துக்கொண்டு வந்தாள். மேல் மட்டைகளை உரித்து எறிந்தாள். உள்ளே வெளுப்பாக, முழங்கை மாதிரியே உருண்டு திரண்டு ஒரு தண்டு. அதை அச்சில் வைத்தாள்.

"இதுல ஜரிக இல்ல," என்றாள். மிதித்தாள்.

*தடார்.*

வாழைச்சாறு திருமுருகனின் பட்டு வேட்டியில் தெறித்தது. இரண்டு துண்டும் ஆளுக்கொரு பக்கம் விழுந்தன. இந்தத் தடவை யாரும் விளக்கம் சொல்லவில்லை. ஒரு கொரியாக்காரர் தன் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

விழுந்த தண்டை எடுக்கப் பிராங்கிளின் தூணைப் பிடித்துக் குனிந்தான். அப்போதுதான் பார்த்தான். கண் இருந்த ஃபிலிம் டப்பாவுக்கு இரண்டு அங்குலம் முன்னால், மேலேயிருந்து தொங்கிய ஜிகினாச் சரங்கள் கொத்தாக ஆடிக்கொண்டிருந்தன. டார்ச் பல்பின் வெளிச்சம் அவற்றில் பட்டு, நூறு பொட்டாக உடைந்து, திரும்பத் திரும்பக் கண்ணுக்கே வந்துகொண்டிருந்தது. எதிர்த்தூணில் அப்பாவின் சைக்கிள் கண்ணாடி இருட்டாகச் சும்மா இருந்தது. அதுவரைக்கும் வெளிச்சம் போகவே இல்லை. கண்ணுக்கு எந்நேரமும் வழி காலி. எது உள்ளே இருந்தாலும் காலி.

"அக்கா. இத்தப் பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு கையால் ஜிகினாவை அள்ளி, பிடுங்கி, சுருட்டித் தரையில் போட்டாள். எதிரே சிவப்புக் கண்ணாடி தீப்பொறி மாதிரி உயிர் பெற்றது. மீதித் தண்டை வைத்தார்கள். அவள் மிதித்தாள். பிரஸ் அசையவில்லை. இன்னொரு தடவை. அசையவில்லை. மூன்றாவது தடவையும் பெடல் மட்டும் டக்கென்றது.

"பாத்தீங்களா!" என்று திருமுருகன் துள்ளினார், வேட்டியில் சாறு வழிய. "சொன்னேனில்ல? கண்ணில் குறையே கிடையாது! அலங்காரப் பந்தல்காரன் செஞ்ச வேலை. பிராங்கிளின் சார், இப்ப வைக்கலாமே? மூணு தடவை நின்னுடுச்சே, டக்குனு ஒரு போட்டோ?"

"இல்ல சார்," என்றான் பிராங்கிளின். "எனக்குப் பயமா கீது."

இதைச் சொல்லப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. சொன்ன பிறகும் பயம் குறையவில்லை. அது பாட்டுக்கு இருந்தது.

கன்னியம்மா தரையில் கிடந்த ஜிகினாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்பக் கட்னது?" என்றாள் யாரையும் பார்க்காமல்.

பந்தல் வேலையைக் கவனித்த ஊழியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "முந்தாநாளு காலைல. பெயிண்டு காஞ்ச ஒடனே. நீ ஷிப்டுக்கு வர்றதுக்கு முந்தியே கட்டிட்டாங்க. நல்லா கீதுன்னு நீதான சொன்ன."

அவள் தலையாட்டினாள். மெதுவாகப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"முந்தாநாளு ஒரு ஷிப்டு. நேத்து ஒரு ஷிப்டு," என்றாள். "ரெண்டாயிரம் மூடி அடிச்சிக்கீறேன் தம்பி. நேத்து ரெண்டு தபா தூக்கம் கண்ண சொருவிச்சி. கண்ணு கீதே, பாத்துக்கும்னு..."

இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்து, சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கினாள். பத்து வந்தது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருடம் தகடு வைத்து எடுத்த அந்தக் கைகள் இப்போது, நடந்து முடிந்த பிறகு, அடங்காமல் ஆடத் தொடங்கின.

11.35க்குத் தேநீர் வந்தது. பரிமாறுகிறவர்களிடம் யாரும் நிகழ்ச்சி மாறிவிட்டதாகச் சொல்லியிருக்கவில்லை. பிராங்கிளின் ஒரு கோப்பையை வாங்கி அவளிடம் நீட்டினான். அவளால் பிடிக்க முடியவில்லை. சாசர் கடகடவென்று அடித்துக்கொண்டது. அவன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, கோப்பையை அவள் வாயருகே கொண்டுபோனான். அவன் கையும் நின்றபாடில்லை. பாதித் தேநீர் அவள் புதுச் சேலையில் கொட்டியது. மீதியை அவள் குடித்தாள்.